கோணவாயன் வைத்த தடம்

ஷூஃபென் என் கடைக்கு வந்தால் உட்காருவதற்கு முன்பே ஐஸ் ஜெல்லி கேட்பாள். வெல்லப்பாகு தூக்கலாக, வேர்க்கடலை கொஞ்சமாக. அன்று எதுவும் கேட்கவில்லை. கையோடு கொண்டுவந்த கண்ணாடிக் குவளையை என் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"இது பொருந்தல, லிங் அக்கா."

"எதுக்குப் பொருந்தல?"

"என் வீட்டுக் கிழவன் முதுகுக்கு."

எங்கள் சோங்சிங் நகரத்தில் உச்சிக்கோடை வந்தால் ஆற்றிலிருந்து வருகிற காற்றுகூட அடுப்புக் காற்றுதான். குளிர்காலத்து ஈரம் உடம்புக்குள் ஒளிந்திருக்கும், அதை இந்த வெயிலில்தான் வெளியே இழுக்க வேண்டும் என்பார்கள். எங்கள் கட்டடத்தில் அந்த வேலை ஷூஃபெனுடையது. நூல் ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவள். கை வேகம், வாய் அதைவிட வேகம். ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்தி, குவளைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, முதுகில் சப்பென்று கவிழ்ப்பாள், அது தோலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். எடுத்ததும் வட்டத் தடம் கறுத்திருந்தால் "பீரைக் குறை" என்பாள். என் முதுகும் அவளிடம் திட்டு வாங்கியதுதான். அவள் முதுகைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. புருஷன் ஜியாஃபுவுக்குத் தீ என்றால் பயம், பஞ்சு பற்றியதுமே நாலடி தள்ளிப் போய்விடுவான். மாமியார் போன பிறகு அவள் முதுகில் ஒரு குவளையும் ஏறியதில்லை.

இந்தக் கோடையில் ஜியாஃபு, "உடம்பு நல்லாத்தான் இருக்கு, எனக்கு வேண்டாம்" என்று நழுவிக்கொண்டே இருந்தான். ஆம்பளைகள் எல்லாம் பனியனை நெஞ்சு வரை சுருட்டிவிட்டுத் திரிகிற வெயிலில் இவன் மட்டும் சட்டையோடு படுத்தான். மத்தியானமானால் சதுரங்கம் ஆடப் போவதாகச் சொல்லிக் குடையோடு கிளம்பிவிடுவான். அன்று சாப்பிட்டுவிட்டு அவன் அசந்து தூங்கும்போது ஷூஃபென் சட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். முதுகு நிறையக் குவளைத் தடங்கள்.

"முப்பது வருஷத்துக்கு மேல நான் மட்டும் பார்த்த முதுகு, அக்கா. எவ வெச்சா?"

சாயங்காலம் பூங்காவில் ஆடுகிற பெண்கள் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரி ஒருத்தி உண்டு. உதட்டுச் சாயமும் சிவப்பு விசிறியுமாக வருவாள். அவள் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஷூஃபென் அதை முன்பே நினைத்துவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆலையில் இயந்திரத்தில் விரல் மாட்டியபோதுகூட அழாதவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"தடம் எப்படித்தான் இருக்கு?" என்றேன்.

"என் குவளையைவிடப் பெரிசு. இடது தோள்ல ஒண்ணு வட்டமாக்கூட இல்ல. முட்டை மாதிரி நீளமா, ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவள் கை தானாகத் தன் இடது தோளுக்குப் போனது. "அக்கா, அது கோணவாயன்."

மாமியார் வைத்திருந்த மூங்கில் குவளைகளில் ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர். மூங்கிலே கோணல். யாருக்கு வைத்தாலும் அதை இடது தோளில்தான் வைப்பார், புது மருமகளாக வந்த ஷூஃபெனுக்கும் அப்படித்தான். அவர் போன பிறகு ஜியாஃபுவும் அவன் அண்ணனும் குவளைகளைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தம்பி பங்கு வெடித்துப் போனது. கோணவாயன் அண்ணன் வீட்டுக்குப் போயிற்று.

அந்த அண்ணனோடுதான் சில வருஷமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது. ஜியாஃபு தன் மகள் கல்யாண விருந்தில் அவரை முதல் மேசையில் உட்கார வைக்காமல் சமையலறைக் கதவோரம் உட்கார வைத்துவிட்டான். அவர் மீனைத் தொடாமல் எழுந்து போனார். "இனிமே அவர் வீட்டுப் படி ஏறினா என்னை நாயேன்னு கூப்பிடுங்க" என்று ஜியாஃபு எல்லோர் முன்னாலும் கத்தினான்.

"கிழவன் இந்நேரம் கிளம்பியிருப்பான். வா அக்கா" என்று ஷூஃபென் எழுந்தாள். கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு நானும் போனேன். இதைப் பார்க்காமல் ஜெல்லி விற்று நான் என்ன கோட்டையா கட்டப்போகிறேன்?

அண்ணன் வீடு லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில். வெக்கைக்குக் கதவு திறந்தே கிடந்தது. அடுப்பில் மூலிகைத் தண்ணீர் கொதிக்கிற வாடை. பாயில் ஜியாஃபு குப்புறக் கிடந்தான், முதுகெல்லாம் மூங்கில் குவளைகள். பக்கத்தில் முக்காலியில் அண்ணன் விசிறிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தார்.

"கதவோரம்டா. எச்சில் தட்டு எடுத்துட்டுப் போறவன் முழங்கை என் தலையில இடிக்குது. உன்னைத் தோள்ல தூக்கிச் சுமந்தவன் நான்."

"அங்கதான் எல்லாம் சூடா வரும்னு நெனச்சேன், அண்ணே."

"பொய் சொல்லாதே. இன்னும் ரெண்டு வெச்சிடுவேன்."

குவளை ஏறிய முதுகோடு யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. போன தடவை அண்ணன் பாயில் கிடந்தாராம், தம்பி திட்டினானாம்.

ஷூஃபென் வாசலில் நின்று, "யோவ் கிழவா" என்றாள்.

ஜியாஃபு தலையை மட்டும் தூக்கினான். "கூப்பிட்டுடு ஷூஃபென். நாயேன்னு கூப்பிட்டுடு. படி ஏறிட்டேன்."

அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. "நாயே, இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன? நான் செத்துப் பிழைச்சேன்."

"நீ சிரிப்பேன்னு பயம்" என்றான். அண்ணி பேரனைப் பார்த்துக்கொள்ள ஷென்சென் போயிருக்கிறாள். தனியாக இருந்த அண்ணன் ஒரு நாள் பூங்காவில் வெயில் தாங்காமல் தலைசுற்றி உட்கார்ந்துவிட, அந்தப் பக்கம் போன ஜியாஃபுதான் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். முதுகுக்குத் தன் கை எட்டவில்லை என்று அண்ணன் முனகியிருக்கிறார். மூங்கிலுக்குத் தீ வேண்டாம். கொதிக்கிற தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுத்து, ஈரத்துணியில் தட்டி, முதுகில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். அப்படித்தான் ஜியாஃபு கற்றுக்கொண்டான்.

இறங்கி வரும்போது எனக்கே நெஞ்சு லேசாகியிருந்தது. அந்த மருந்துக்கடைக்காரியிடம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஷூஃபென் வந்து உட்கார்ந்தாள். கேட்காமலே ஜெல்லிக் கிண்ணத்தை நீட்டினேன்.

"இன்னிக்கு ஆகாது அக்கா. குளிர்ச்சி சேராது."

எங்கள் ஊரில் குவளை வைத்துக்கொண்டவர்கள்தான் அன்றைக்குக் குளிர்ச்சியைத் தொட மாட்டார்கள். நான் அவளையே பார்த்தேன். அவள் திரும்பி உட்கார்ந்து சட்டைக் கழுத்தை இடது பக்கம் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். முட்டை மாதிரி நீளமாக ஒரு தடம்.

"அண்ணன்கிட்ட இரவல் வாங்கிட்டு வந்து வெச்சான். கை அப்படி நடுங்குது. தோள்ல வைக்கச் சொன்னா கழுத்துகிட்ட வெச்சிருக்கான் பாரு."

அந்த ஜெல்லியை நானே சாப்பிட்டேன்.