ஏழாவது நிபந்தனையும் அப்பளக் கூடைகளும்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சூரத்தில் சாயப்பட்டறை, கோவாவில் ஓட்டல், நாசிக் பக்கம் லாரி என்று எங்கெங்கோ இருந்திருக்கிறேன். வேலை போனாலோ காய்ச்சலில் படுத்தாலோ செம்பூரில் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். வீடு என்றால் தகரம் அடித்த ஒற்றை அறை. குடிசைகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டித் தருவதாகச் சொன்ன பில்டர், அதுவரை இருங்கள் என்று வரிசையாகக் கொடுத்த அறைகளில் ஒன்று. அடுக்குமாடி பாதி எழும்பி அப்படியே நின்றுவிட்டது. அதன் கம்பிகளில் காக்கைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகளும் கூடு கட்டியாயிற்று. மனிதர்களுக்குத்தான் இன்னும் சாவி வரவில்லை.

அறைகளுக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு மைதானம். அங்கேதான் அக்காவும் மற்றப் பெண்களும் அப்பளம் காயவைப்பார்கள். காலையில் அப்பளக் கம்பெனி வேனில் உளுந்து மாவு வரும். தேய்த்து, மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து, அவற்றின் முதுகில் பரப்பிவிட்டால் பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும். அத்தான் முதுகுவலியால் வேலையை விட்டபிறகு அந்தக் கூடைகளில்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த முறை நான் போனபோது எல்லோர் வாயிலும் ஏழாவது நிபந்தனை. தொழிற்சாலைக்கென்று ஒதுக்கியிருந்த அந்த நிலத்தை, வீடு கட்டும் நிலமாக மாற்றித் தந்தபோது மாநகராட்சி சில நிபந்தனைகள் போட்டிருந்தது. ஏழாவது, அந்த மைதானம் குடியிருப்பவர்கள் உபயோகத்துக்குத் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்பது. அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, மைதானத்தில் கார் நிறுத்த மாடி கட்ட விட்டால்தான் வேலையைத் தொடங்குவேன் என்றார் பில்டர். யாரும் உபயோகிக்காமல் சும்மா கிடக்கும் இடம் என்பது அவர் கட்சி. வார்டு ஆபீஸில் நிபந்தனைகளை மறுபடி பரிசீலித்துக்கொண்டிருந்தார்கள். இடத்தை நேரில் பார்க்க இன்ஜினியர் மேடம் வருவதாகத் தகவல் வந்தது.

"மைதானத்தக் குடுத்துத் தொலச்சா வீடாவது வரும்லா?" என்றார் அடுத்த அறைக்காரர்.

"வீடும் வேணும், வெயிலும் வேணும்" என்றாள் அக்கா. "மாடியில ஏறி உக்காந்துட்டு, மாவ ஃபேன்லயா காயவைக்கது?"

குடியிருப்போர் சங்கத்துக்கு அத்தான்தான் தலைவர். அவர் கவலை வேறு. "மேடம் வாரப்ப எடம் கூடையும் கோணியுமா கெடந்தா நம்ம மானம் என்னாவது? வெயில்ல நிறுத்தியா பேச முடியும்?"

விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் பந்தக்கால்தான் ஞாபகம் வரும். நான் டோம்பிவிலியில் ஒரு கல்யாணப் பந்தல்காரரிடம் கொஞ்ச காலம் இருந்தவன். கட்டு என்றார் அத்தான், கட்டினேன். மைதானம் முழுவதும் மறைய சிவப்பும் மஞ்சளுமாகத் துணி. கூடைகளையெல்லாம் பாதிக் கட்டடத்துக்குள் கொண்டுபோய் அடுக்கினார்கள். தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, நாற்காலிகள் போட்டு, சந்தனம்கூடக் கரைத்து வைத்தார்கள். அன்றைக்கு யாரும் மாவு வாங்கக் கூடாது என்று அத்தான் உத்தரவு. அக்கா மட்டும் வாங்கிவிட்டாள். "இன்னைக்கு விட்டா நாளைக்கு வேற ஆளுக்குப் போயிரும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு உள்ளே கதவைச் சாத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் வந்தார். நடுத்தர வயது மராத்திக்காரர், வெயிலில் அலைந்து கறுத்த முகம். கூடவே பில்டரின் ஆள், நீலச் சட்டை. அத்தான் மாலையோடு முன்னே போனார். மேடம் மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணாந்து பந்தலைப் பார்த்தார்.

"திறந்தவெளி எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

"இதுதான் மேடம்."

"இங்கே என்ன செய்வீர்கள்?"

அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "குச் நஹி மேடம். ஒண்ணுமே செய்ய மாட்டோம். ஏக்தம் க்ளீன்."

நீலச் சட்டையின் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்தது. "நாங்களும் அதைத்தான் எழுதியிருக்கிறோம்" என்றான். மேடம் பேனாவைத் திறந்தார்.

அப்போது கதவு திறந்தது. அக்கா இடுப்பில் ஒரு கூடை நிறைய ஈர அப்பளத்தோடு வந்து நின்றாள். பட்டுச்சேலை முழுக்க மாவு.

"ஒண்ணுமே செய்யலையா? அப்ப நேத்து வரைக்கும் நீங்க தின்ன சோறு ஆகாசத்துலேருந்தா விழுந்துச்சு?" என்று அத்தானைத் தமிழில் கேட்டுவிட்டு மேடத்தின் பக்கம் திரும்பினாள். அவளுடைய இந்தி காய்கறிச் சந்தை இந்தி. "மேடம், நாங்க இங்கதான் பாப்பட் காயவைக்கோம். தினமும். நீங்க வாரீங்கன்னு இந்த மனுசன் வெயில மறச்சுட்டாரு." பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, அவுருலே" என்றாள்.

தலைவர் கட்டச் சொன்ன பந்தலை அவர் கண்முன்னாலேயே அவிழ்ப்பதா என்று ஒரு கணம் நின்றேன். அக்கா பார்த்த பார்வையில் கை தானாக முடிச்சுக்குப் போனது. கட்டுவதைவிட அவிழ்ப்பது சுலபம். முதல் துணி நீலச் சட்டையின் தலையில் விழுந்தது, அது நான் திட்டமிட்டதில்லை. அவன் வெளியே வருவதற்குள் பெண்கள் கட்டடத்துக்குள் ஓடிக் கூடைகளை எடுத்துவந்துவிட்டார்கள். அக்காவின் அப்பளங்களை ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிப் பரப்பினார்கள். மிச்சக் கூடைகள் வெறுமனே கவிழ்ந்து கிடந்தன. மேடம் கால் வைக்க இடமில்லாமல் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"கட்டடம் முடிந்ததும் மொட்டை மாடியில் காயவைக்கலாமே?" என்றான் நீலச் சட்டை, தலையைக் கோதிக்கொண்டு.

"மொட்ட மாடிச் சாவி யார் கையில இருக்கும்?" என்றாள் அக்கா.

மேடம் அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுதினார். போகும்போது மாலையை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவிழ்த்த துணிகளை அத்தானே ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். இரவுச் சாப்பாட்டின்போது, "பந்தல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறியது.

சில வாரங்கள் கழித்து வார்டு ஆபீஸில் முடிவு சொன்னார்கள். ஏழாவது நிபந்தனை அப்படியே இருக்கும், கார்களைக் கட்டடத்துக்கு அடியிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும், வேலையை உடனே தொடங்க வேண்டும். பில்டர் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு, பிறகு ஆட்களை இறக்கினார்.

நான் மறுபடி லாரிக்குப் போய்விட்டு மழைக்குப் பிறகு வந்தேன். கட்டடம் வளர்ந்திருந்தது. பிற்பகலானால் அதன் நிழல் மைதானத்தின் பாதிக்கு வந்துவிடுகிறது. அக்கா அந்த நிழலுக்கு முன்னால் முன்னால் கூடைகளை நகர்த்திக்கொண்டே போனாள். "வீடு வளர வளர என்னய வெரட்டுது பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் ஒரு கூடையைத் தூக்கினேன். "அப்பளம் மடங்காமத் தூக்குலே" என்றாள்.