ஏறுவதற்கு முன் எழுதும் தாள்

இங்கிலாந்தில் காலையில் எனக்கு முதல் வேலை, இன்றைக்கு நான் எப்படியெல்லாம் சாகலாம் என்று எழுதுவது. சிரிக்காதீர்கள். மரம் ஏறுமுன் ஒரு தாள் உண்டு. கிளை உளுத்திருக்கிறதா, பக்கத்தில் மின்கம்பி போகிறதா, குளவிக்கூடு இருக்கிறதா, காற்று எப்படி, ரம்பம் கையில் பட்டால் கட்டுப்போட யாருக்குத் தெரியும், மேலே நான் மயங்கிப்போனால் ஏறி இறக்கப்போவது யார், நெருங்கிய ஆஸ்பத்திரி எது. எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தரையை விட்டுக் கால் எழும்பலாம். இருபது வருடத்துக்கு மேலாக எழுதுகிறேன், பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் பேனாவை எடுக்கும்போது விரலில் ஒரு கூச்சம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

அது பொள்ளாச்சிப் பக்கத்துக் கூச்சம். எங்கள் அப்பா தென்னை ஏறியவர். நானும் என் தம்பி சேசுவும் மீசை முளைக்கும் முன்பே ஏறியவர்கள். மரமேறி வீட்டில் காலை நேரத்தில் 'விழு' என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது. எங்கள் வீட்டில் மழை விழுந்ததில்லை, பெய்தது. தேங்காய் விழுந்ததில்லை, வந்தது. அம்மா குடத்தை நழுவவிட்டால்கூட 'கைய உட்டுப் போச்சு' என்பாள். வேலைக்குக் கிளம்புகிறவனிடம் 'பாத்துப் போ' என்றும் சொல்லக்கூடாது, அதற்குள் ஒரு பயம் உட்கார்ந்திருக்கிறது. 'போயிட்டு வா', அவ்வளவுதான். நினைத்தால் அது வழி விசாரித்துக்கொண்டு வந்துவிடும் என்று நம்பினோம். நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். இந்த விஷயத்தை மட்டும் சாமியாரிடம் சொன்னதில்லை.

அப்படி வளர்ந்தவன் கையில் அந்தத் தாளைக் கொடுத்தால் என்ன செய்வான்? என் மனைவி ஸ்டெல்லா கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்புப் படித்தவள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. நான் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை, மரம்தான் ஏறியது. வந்த ஏழாம் நாள், தெருவில் பீச் என்ற உயர்ந்த காட்டுமரம் ஒன்றில் ஒருவன் கயிற்றில் தொங்கிக்கொண்டு கிளை வெட்டுவதைப் பார்த்தேன். அவன் ஒரு கிளையைத் தொடுவதற்குள் நான் மூன்று மரம் முடித்திருப்பேன் என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே மேஸ்திரியிடம் கையால் காட்டினேன். அவர் பெயர் கேரி. சிரித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

போனேன். தாளைக் கொடுத்தார். எது என்ன கேள்வி என்று ஒவ்வொன்றாகச் சொல்லியும் காட்டினார். எல்லாக் கட்டத்திலும் ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஆஸ்பத்திரிக் கட்டத்தில் விரலை வைத்து, "ஹாஸ்பிடல்?" என்றார். "நோ ஹாஸ்பிடல், நோ பிராப்ளம்" என்றேன். என் திறமையில் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து நெஞ்சை வேறு தட்டிக் காட்டினேன். அவர் பக்கத்தில் வந்து என் வாயை முகர்ந்து பார்த்தார். குடித்திருக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் இன்னும் கவலையாகிவிட்டது. இரண்டு கையையும் என் தோளில் வைத்து என்னமோ மெதுவாகச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாக வந்தவன் என்று என்னை நினைத்தார் என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாள். என் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கட்டத்துல எங்க ஆஸ்பத்திரி பேர எழுதுங்க. ஆஸ்பத்திரின்னு நெனைக்காதீங்க. எம்பட ஊட்டுக்காரி எங்க இருக்கறான்னு அவங்களுக்குச் சொல்லி வெக்கறீங்கன்னு நெனச்சுக்குங்க." மறுநாள் போய் எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். கேரி மரத்தைக் காட்டினார். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நீளமான கதை. இன்றைக்கு என் பெயர் எழுதிய மூன்று வண்டிகள் ஓடுகின்றன, ஏழு பேர் வேலை செய்கிறார்கள், அதில் ஒருவர் கேரி. எந்தக் கல்லூரிக்காரனும் இதை எனக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை.

இந்தப் பெருமையைப் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் போன தை மாதம் ஊருக்குப் போனேன். பெட்டியில் சேசுவுக்காக இடுப்பு பெல்ட்டும் இரண்டு கயிறும் இருந்தன. அவனுக்கு ஐம்பத்தாறு வயது, இன்னும் காலில் தளைக்கயிறு ஒன்றை மாட்டிக்கொண்டு, இடுப்பில் அருவாளோடு வெறும் உடம்பாக ஏறிக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் ஐம்பது மரம். ஒருநாள் அவனை மரத்தடியிலிருந்து தூக்கி வரவேண்டியிருக்குமோ என்ற பயம், இங்கே எழுதும் ஒவ்வொரு தாளிலும் எனக்கு இருந்தது. வாழ்நாளில் நான் வாய்விட்டுச் சொல்லாத பயம் அது.

தோப்புக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சேசுவின் மனைவி லூர்து, மரத்திலிருந்து வரும் காய்களைப் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். நான் பெல்ட்டை மாட்டிக் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டேன்.

"சேசு, உங்கண்ணன் மரத்துக்குத் தாலி கட்டறாராட்ட இருக்குது" என்றார் தோப்புக்காரர்.

"முடிச்சு மூணுங்களா ரெண்டுங்களாண்ணா?" என்றான் சேசு. "நாத்தனாரு இல்லாத கல்யாணம், நீங்களே போட்டுக்கோங்க."

ஏறினேன். அறுபத்தொரு வயதில் ஏறினேன் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். கயிற்றை ஒரு முழம் தள்ளி, கால் வைத்து, மறுபடி தள்ளி, நான் மட்டை தொடும்போது சேசு அக்கம்பக்கம் நாலு மரம் இறங்கிவிட்டிருந்தான். கீழே நின்று, "அண்ணா, சோறு மேல கொண்டாரச் சொல்லட்டுங்களா?" என்றான். தோப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, மேலே என்பதால் சிரிக்கவில்லை.

ஆனால் மேலே இருந்ததால்தான் அதைப் பார்த்தேன். ஐந்தாவது மரத்திலிருந்து இறங்கியவன் உடனே அடுத்த மரத்துக்கு நகரவில்லை. மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, நெற்றியை அதில் வைத்து, கண்ணை மூடி நின்றான். பத்து எண்ணும் நேரம் இருக்கும். லூர்து காய் பொறுக்குவதை நிறுத்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் திறந்ததும் குனிந்துகொண்டாள்.

பத்து மணிக்கு நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்தோம். "தல சுத்துதாடா?" என்றேன். "வேர்வைங்ணா, கண்ணுல எறங்கிப் போச்சு" என்றான். பெல்ட்டைப் போடச் சொன்னேன். "எருமையப் புடிச்சுக் கட்டறாப்பல இருக்குதுங்ணா. கயித்தக் கட்டி ஏறுனா, இவனுக்குத் தெம்பு போயிருச்சுன்னு அடுத்த தோப்புல கூப்பிடமாட்டாங்க" என்றான். அதில் பொய் இல்லை. வேளாண் ஆபீசில் கொடுத்த மரமேறும் மிஷின் அவன் வீட்டில் கிடக்கிறது, அதில் கோழிதான் ஏறுகிறது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒன்றிரண்டு தாள் மடித்து வைத்திருப்பேன். எடுத்து விரித்து, "இதுக்கு மட்டும் பதில் சொல்லு கண்ணு, உன்னைய ஏறச் சொல்லல" என்றேன். மரத்தில் என்ன கோளாறு என்று கேட்டேன். அந்த மூலை மரத்தில் வண்டு குடைந்திருக்கிறது, அதைத் தட்டிப் பார்த்து ஏற வேண்டும் என்றான். கிணற்றோரத்து மரம் தெற்கே சாய்ந்தது, வடக்குப் பக்கமாகத்தான் ஏற வேண்டும். இரண்டாவது வரிசையில் குளவி. பம்புசெட்டுக்குப் போகும் கரண்ட் கம்பியில் படாமல் மட்டை வெட்ட வேண்டும். எனக்கு எழுதக் கை போதவில்லை. என் ஏழு ஆட்களும் சேர்ந்து எழுதும் தாளை அவன் தலைக்குள் வைத்திருந்தான். எனக்கே பொறாமையாக இருந்தது.

"நெருங்குன ஆஸ்பத்திரி?" என்றேன்.

சேசு கூழ்ச் சட்டியைப் பார்த்தான். காலையில் இதென்ன கேள்வி என்று அவன் முகத்தில் இருந்தது.

"நான் சொல்றனுங் மாமா" என்றாள் லூர்து. காய்க் குவியலுக்கு அந்தப் பக்கம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தார் ரோட்டுலருந்து இங்க வண்டி வராதுங். நாலு பேரு தூக்கோணும். டெம்போக்காரரு நெம்பரு எனக்குப் பாடம். ஆஸ்பத்திரிக்கு முப்பத்தஞ்சு நிமிசமாவும், மாட்டுச்சந்தை நாளுன்னா ஒரு மணி நேரம் புடிக்கும். முதுக மடக்காம தூக்கோணும்னு ஸ்டெல்லாக்கா போன்ல சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு மோட்டார் ரூமுக்குப் பின்னால பலகை ஒண்ணு வெச்சிருக்கறனுங்."

சேசு நிமிர்ந்தான். "அது கோழிக்கூண்டுக்குன்னு சொன்னியேம்மணி."

"கூண்டுக்கு இல்லீங்" என்றாள். "நீங்க விழுந்தா எடுக்கறதுக்கு. மூணு மாசமா உங்களுக்குத் தல சுத்துதுங், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கறீங்."

எங்கள் குடும்பத்தில் காலை நேரத்தில் அந்தச் சொல்லை ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். நான் உபதேசம் செய்ய எட்டாயிரம் கிலோமீட்டர் வந்தவன். என் மனைவியும் தம்பி மனைவியும் எனக்கு முன்பே, எங்கள் இருவருக்கும் தெரியாமல், அந்தத் தாளை எழுதி முடித்திருந்தார்கள். சேசு சட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். அப்புறம் என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினான். "குடுங்ணா அந்தப் பெல்ட்ட. எந்தப் பக்கம் முன்னாலங்?"

அன்று அதற்குமேல் அவனை ஏற விடவில்லை. மறுநாள் டாக்டரிடம் காட்டினோம். காது நரம்புக் கோளாறு, மாத்திரையில் சரியாகிவிடும் என்றார். சரியாகும்வரை தரையில்தான் வேலை. அதன் பிறகு அவன் பெல்ட்டோடு ஏறும்போது ஐம்பது மரம் இருபத்தைந்தாகும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதற்குத் தோப்புக்காரர், "தேங்கா என்ன ஓடியா போவுது, நாளைக்கும் மரத்துலதான் இருக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை என் வாழ்நாளெல்லாம் மதிப்பேன்.

நான் திரும்பி வந்துவிட்டேன். இங்கே எனக்குக் காலை வேலை ஆரம்பிக்கும்போது அங்கே மத்தியானம். சேசு கடைசி மரம் முடித்ததும் லூர்து என் போனுக்கு ஒரே வார்த்தை அனுப்புவாள்: 'எறங்கிட்டாருங்'. அது வரும்வரை ஓக் மரத்தடியில், தலைக்கவசம் மாட்டி, பெல்ட் இறுக்கி, போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கேரி இதைப் பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளி நிற்கிறார். நான் திருத்தவில்லை. போன் அதிரும். பொள்ளாச்சியில் ஒரு கால் தரையைத் தொட்ட பிறகு, இங்கே என் கால் தரையை விடும்.