வெறிவீராங்கனையின் இரண்டு லெவல் வைத்தியம்

எக்ஸ்ரே அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆஸ்பத்திரியில் எலும்புகளைப் படம் எடுக்கிறாள். யாருக்கு எந்தக் கையில் எத்தனை படம் என்று பதிவேட்டில் எழுதாமல் அடுத்த ஆளை அவள் உள்ளே விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு மட்டும் அவள் வேறொருத்தி. ஏழடி உயரம், இரண்டு கையாலும் பிடிக்கும் கோடரி, கோபம் தலைக்கேறினால் எதிரே நிற்பது என்ன ஏது என்று பார்க்காத காட்டு வெறிவீராங்கனை.

ஆட்டம் நடப்பது ஒரு தையல் கடையின் மாடியில். கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். மாடியிலும் அவர்தான் மாஸ்டர். கதையைச் சொல்வது, பூதங்களை ஆட்டுவிப்பது, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடந்து போவார்கள். அடி விழுமா தப்புமா என்பதைப் பகடை சொல்லும். துணி வெட்டும் மேசைமேல் கறுப்புத் துணியை விரித்து, சுண்ணக்கட்டியால் குகையும் சுவரும் வரைந்து, பாத்திரங்களுக்கும் பூதங்களுக்கும் சின்னப் பொம்மைகளை நிறுத்துவார். தூரத்தை அளப்பது அவர் கழுத்தில் தொங்கும் அதே டேப்பால்தான். மேசையில் ஓர் அங்குலம் என்றால் குகையில் ஐந்தடி.

மேசையைச் சுற்றி நாலே நாற்காலி. ஐந்தாவதற்கு இடமில்லை, ஒரு பக்கம் தையல் மெஷின், இன்னொரு பக்கம் துணிக்கட்டு. அதனால் ஒரு சட்டம் உண்டு. யாருடைய பாத்திரம் சாகிறதோ அவர் எழுந்து, காத்திருக்கிறவருக்கு நாற்காலியைக் கொடுக்க வேண்டும். திரும்ப இடம் கிடைக்க இன்னொருவர் சாக வேண்டும். ஒரு வருஷம்கூட ஆகலாம். பதினாலு ஞாயிறாக ஜன்னலோரம் முக்காலியில் ஒருவர் காத்திருந்தார். தபால் ஆபீஸில் வேலை, தங்கமான மனிதர். தன் பாத்திரத்தின் பலமும் வித்தையும் எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாருக்கு அடி விழுந்தாலும் “ஐயோ பாவம்” என்பார். அவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்று பெயர் வைத்தது, மேசையில் சுத்தியல் வீரனாக ஆடும் ஏசி மெக்கானிக். மெக்கானிக்குக்கு எதிரே டியூஷன் டீச்சர், மந்திரவாதி.

நாலாவது நாற்காலி அக்காவின் தம்பியுடையது. முப்பத்தைந்து வயது. வேலை பார்த்த கிடங்கை இழுத்து மூடி எட்டு மாதம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் விண்ணப்பம் போட்டான். அப்புறம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். தட்டை வாசலில் வைத்தால் காலியாகித் திரும்பி வரும். போன் அடித்தால் அடித்து ஓயும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரும் சொல்லாமலே குளித்து, சட்டையை மாற்றி, இரண்டு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பான். அந்த நாற்காலியும் போய்விட்டால் அவனை எதைச் சொல்லி வெளியே கூட்டி வருவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

ஆனால் அவன் ஆடும் லட்சணம் அப்படி. அவன் பாத்திரம் வில்லாளி, குச்சி உடம்பு. பின்னால் நின்று அம்பு விட வேண்டியவன், எந்தக் கதவு திறந்தாலும் முதல் ஆளாக மூக்கை நீட்டுவான்.

அதனால்தான் அக்கா இரண்டாவது வித்தையைச் சேர்த்தாள். அவசரப்படவில்லை. ஆட்டம் போகப் போகப் பாத்திரம் ஒவ்வொரு லெவலாக ஏறும். ஐந்தாம் லெவலில்தான் வெறிவீரருக்கு ஒரே முறையில் இரண்டு தடவை அடிக்கும் பலம் வரும். அதற்கு முன்னால் வேறு ஏணியில் கால் வைத்தால் இரண்டு பக்கமும் அரைகுறை. ஐந்து முடிந்த பிறகு, அடுத்த இரண்டு லெவலையும் வைத்தியத்தில் போட்டாள்.

ஏசி மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏன்க்கா, நீங்களே வெட்டி நீங்களே கட்டுப் போடுவீங்களா?”

“கட்டுப் போடறதுக்கு முன்னாடி படமும் எடுப்பேன்.”

அந்த இரண்டு லெவலில் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு மந்திரம். வீழ்ந்து கிடப்பவரைத் தூரத்திலிருந்தே கூப்பிட்டு எழுப்பலாம். யாருக்காக அதை எடுத்தாள் என்று தம்பியிடம் சொல்லவில்லை.

சேர்க்கையில் ஒரு முடிச்சும் இருந்தது. வெறி ஏறியிருக்கும்போது அவள்மேல் விழும் அடி பாதிதான் உறைக்கும். ஆனால் மந்திரம் வாயில் வராது. ஒரு முறைக்கு ஒருவர் ஒரு பெரிய வேலையும் ஒரு சில்லறை வேலையும் செய்யலாம். வெறியை இறக்குவது சில்லறை வேலை. கூப்பிட்டு எழுப்புவதும் சில்லறை வேலை. ஆக, இந்த முறை இறக்கினால் அடுத்த முறைதான் கூப்பிட முடியும். அக்கா தாளின் தலைப்பில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள்: “அவன் விழுந்த உடனே இறக்கு.”

அன்றைக்குக் குகையின் கடைசி வளைவு. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிகிற சந்து, கோடியில் கல்பூதம். தம்பி வழக்கம்போல் முன்னால் போனான். ஒரே அடி. மாஸ்டர் வில்லாளியின் பொம்மையை மெதுவாகப் படுக்க வைத்தார்.

விழுந்தவர் உடனே செத்துவிடுவதில்லை. தன் முறை வரும்போது இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ வந்தால் பாதகமில்லை. குறைந்தால் ஒரு கெட்டது. விழுந்து கிடக்கும்போது அடி பட்டாலும் ஒரு கெட்டது. மூன்று சேர்ந்தால் நாற்காலி காலி.

அக்காவின் முறை வந்தது. வெறியோடு ஓடிப்போய்ப் பூதத்தின்மேல் கோடரியை இரண்டு தடவை இறக்கினாள். இரண்டும் விழுந்தன. ஏசி மெக்கானிக் மேசையைத் தட்டினார். டீச்சர்கூட “சபாஷ்” என்றார். அந்தச் சத்தத்தில், “முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் சிவப்பு எழுத்து கண்ணில் பட்டது. சில்லறை வேலை கையிலேயே இருந்தது. மாஸ்டர் அதற்குள் தம்பியின் பக்கம் திரும்பியிருந்தார்.

தம்பி உருட்டினான். நாலு. ஒரு கெட்டது.

பூதம் கையை அகலமாக வீசியது. அக்காவுக்குப் பாதி அடி. கிடந்தவன்மேலும் பட்டது. இரண்டாவது கெட்டது.

“ஐயோ பாவம்,” என்றார் வெயிட்டிங் லிஸ்ட். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டு, வெட்கப்பட்டுத் திரும்பியது.

சந்து குறுகல், மற்ற இருவராலும் நெருங்க முடியவில்லை, டீச்சரிடம் மந்திரமும் மிச்சமில்லை. மறுபடி அக்காவின் முறை.

“எழுப்புங்கக்கா,” என்றார் டீச்சர்.

“முடியாது. வெறியில இருக்கேன்.”

“அப்ப அடிங்க,” என்றார் மெக்கானிக். “இன்னும் மூணு அடிதான் தாங்கும் அது.”

“எனக்கு ரெண்டுதான் இருக்கு.”

அக்கா நோட்டைப் புரட்டினாள். இந்த இனத்துப் பூதம் இதுவரை அடித்த ஒவ்வோர் அடியையும் குறித்து வைத்திருந்தாள். எட்டு முகப் பகடை இரண்டு, அதோடு ஆறு. குறைந்தது எட்டு, அதிகபட்சம் இருபத்திரண்டு. அவளிடம் மிச்சம் இருபத்துமூன்று உயிர்ப்புள்ளி, அது தீர்ந்தால் அவளும் விழுவாள். வெறி இல்லாமல் முழு அடி வாங்கினாலும் ஒன்று மிஞ்சும். பூதத்துக்கு இருபதுக்கு இருபது விழுந்தால் மட்டும் பகடை இரட்டிக்கும். அப்படி நடந்தால் கணக்கெல்லாம் காற்றில். எழுப்பினால் தம்பிக்கு ஏறுவது நாலிலிருந்து ஏழு புள்ளி. பூதத்தின் கை எட்டும் தூரத்தில் அவனை எழுப்புவது அடி வாங்கவே எழுப்புவது மாதிரி.

“அடிக்கல. தள்ளறேன். ரெண்டு தடவையும்.”

வெறி இருக்கும் வரை பலத்துக்கு இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். முதல் தள்ளலில் பூதம் ஓர் அங்குலம் பின்வாங்கியது. இரண்டாவதில் அவளுக்குப் பதினேழு, பூதத்துக்குப் பதினாறு. மாஸ்டர் பூதத்தை நகர்த்திவிட்டு, அதற்கும் வில்லாளிக்கும் நடுவில் டேப்பை வைத்தார். மூன்று அங்குலத்துக்குக் குறைவான தூரத்தில் எது இருந்தாலும் பூதத்தின் கை எட்டும்.

“மூணுக்கு ஒரு நூல் கம்மி,” என்றார்.

“நடுவிலேர்ந்து நடுவுக்கு அளங்க மாஸ்டர். ராட்சச சிலந்தி வந்தப்ப அப்படித்தான் அளந்தீங்க.”

“எப்போ?”

“போன மழைக்காலம், ரெண்டாவது ஞாயிறு. வேணும்னா நோட்டு காட்டறேன்.”

“காட்ட வேணாம். நீங்க எழுதினா எழுதினதுதான்.” மறுபடி அளந்தார். மூன்று. நூல் பிசகாமல் மூன்று. “சில்லறை வேலை?”

“வெறிய இறக்கறேன்.”

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். “அக்கா, பூதம் மூஞ்சிக்கு நேரா நிக்குது.”

“தெரியுது.”

தம்பியின் முறை. பகடை அவன் உள்ளங்கையில் இருந்தது. இருபதில் ஒன்பது தடவை அவன் நாற்காலியை விட்டு எழ வேண்டியிருக்கும். அவன் உருட்டாமல் அக்காவின் தாளைப் பார்த்தான். சிவப்பு எழுத்துகளின்மேல் அவள் கை அவசரமாக மூடியது. அவன் படித்துவிட்டான்.

“எனக்காகத்தான் இந்த ரெண்டு லெவலா?”

“உருட்டு.”

பகடை சுண்ணக்கட்டி டப்பாவில் மோதி, மேசையை விட்டுக் குதித்து, மெஷினுக்கு அடியில் போய் நின்றது. ஏசி மெக்கானிக் குனிந்து பார்த்தார். “பதினெட்டு,” என்றார். யாரும் கைதட்டவில்லை. தரையில் விழுந்தது செல்லாது. முதல் நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

முக்காலியிலிருந்து குரல் வந்தது. “இந்த ஒரு தடவை செல்லும்னு வெச்சுக்கலாமே. எனக்கு ஆட்சேபணை இல்ல.”

மாஸ்டர் தம்பியைப் பார்த்தார். தீர்ப்பை அவனிடமே விட்டது போலிருந்தது. அக்கா, நாக்கு நுனி வரைக்கும் வந்த ‘சரி’யைக் கடித்துக்கொண்டாள்.

“வேணாம்,” என்றான் தம்பி. “மேசையிலயே போடறேன்.”

போட்டான். பகடை சுழன்று சுழன்று, குகைச் சுவரின் கோட்டருகே தள்ளாடி, படுத்தது.

பதினொன்று.

யாரோ மூச்சை விடும் சத்தம் கேட்டது, வெயிட்டிங் லிஸ்ட்தான்.

அடுத்தது பூதம். மாஸ்டர் பகடையை எல்லோரும் பார்க்கும்படி உருட்டினார். இருபது விழவில்லை, பதினாறு. ஆனால் அடி விழப் பதினாறே போதும். எட்டு, ஐந்து, அதோடு ஆறு. பத்தொன்பது. அக்கா இருபத்துமூன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் நான்கு என்று எழுதினாள்.

“நிக்கறீங்களா?” என்றார் மாஸ்டர்.

“நிக்கறேன். இப்ப கூப்பிடறேன்.” தம்பியின் பொம்மையைப் பார்த்துச் சொன்னாள்: “டேய் ஒல்லி, எழுந்திரு.”

நாலு முகப் பகடையில் இரண்டு, அதோடு மூன்று. ஐந்து புள்ளி. பெரிய வேலை இன்னும் பாக்கி இருந்தது. கோடரியை இரண்டு தடவை வீசினாள். வெறி இல்லாத கை. ஆனாலும் இரண்டும் விழுந்தன. பூதம் விரிசல் விட்டபடி நின்றது. அது சாய இன்னும் ஓர் அடி பாக்கி. அதற்குள் அதன் முறை வந்தால் அக்காவின் நான்கு புள்ளி எந்த மூலைக்கு.

நடுவில் இருந்தது தம்பியின் முறை மட்டும். ஏசி மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். “முன்னால ஓடப் போறான் பாருங்க,” என்று டீச்சரிடம் முனகினார்.

தம்பி பொம்மையைத் தொட்டான். நகர்த்தவில்லை. “கிடந்த இடத்துலயே இருக்கேன். அக்கா தோளுக்கு மேல அம்பு.”

பதினைந்து. மாஸ்டர் ஒரு விநாடி தன் தாளைப் பார்த்துவிட்டு, பூதத்தைப் பக்கவாட்டில் சாய்த்தார்.

அதற்கப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெயிட்டிங் லிஸ்ட் எழுந்து வந்து தம்பியின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். “அடுத்த வாரம் பாக்கலாம்,” என்றார்.

“யாரு சாவறாங்கன்னா?” என்றார் மெக்கானிக்.

ஆறு மணிக்கு அக்காவும் தம்பியும் படி இறங்கினார்கள். பாதிப் படியில் அவன் நின்றான்.

“மொதல்ல ரெண்டு அடி வெச்சியே, அப்பவே இறக்கியிருக்கலாம் இல்ல?”

“இறக்கியிருக்கணும். மறந்துட்டேன்.”

“நீயா? மறந்தியா?”

“கைதட்டினாங்கடா. அதுல போயிடுச்சு.”

அவன் ஒரு படி இறங்கித் திரும்பினான். “புதன்கிழமை உனக்கு என்ன டூட்டி?”

“காலைல.”

“அப்ப சாயங்காலம் உன் தாள எடுத்துட்டு என் ரூமுக்கு வா. எந்த முறையில எதை இறக்கணும், எதை ஏத்தணும்னு ஒழுங்கா வரிசை போட்டுடலாம். உன் இஷ்டத்துக்கு ரெண்டையும் கலந்து ஆடினா, நடுவுல நான்தான் செத்துடுவேன்.”

“நீ மொதல்ல கதவுக்குள்ள மூக்க நீட்டாம இரு.”

“அது என் பாத்திரத்தோட சுபாவம்,” என்று சொல்லிவிட்டு, அவன் முன்னால் தெருவைக் கடந்தான்.