மூன்றாம் மாடியின் புள்ளிக்கோடு

முதலில் என் கண்ணில் பட்டது ரிப்பன்தான். ஏசி காற்று வரும் துவாரத்தில் கட்டிய சிவப்பு ரிப்பன் படபடத்துக்கொண்டிருந்தது. அதன் கீழே நின்ற சூப்பர்வைசர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "நூர்ஜகான் விடியக்காலைல தவறிட்டாளாம்" என்றார். அடுத்த மூச்சில், பொம்மைக்குப் புடவை மாற்றச் சொன்னார்.

தி.நகர் ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில் நூர்ஜகான் அக்காவோடு நின்று புடவை விற்றவர்களுக்குத் தெரியும். அங்கே காற்று வரும், குளிர் வராது. முறையிட்டால் முதலாளி ரிப்பனைக் காட்டுவார். "ஆடுதில்ல? அப்புறம் என்ன?"

அக்காவுக்கு மூச்சிரைப்பு. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பாள். மொட்டைமாடியில் மிஷின் அறைக் கதவருகே நாங்கள் சாப்பிடுவோம். கதவில் ஏசியின் வரைபடம் ஒட்டியிருந்தது. ஒன்பதாவதோடு நின்றுவிட்ட நான் அதை ஏறிட்டும் பார்த்ததில்லை. அவள் ஏசி மிஷினை ஓட்டும் ஆபரேட்டரை விடாமல் கேட்டாள்.

"உனக்கு இன்னாத்துக்கும்மா இது?" என்று சிரித்தவர், பிறகு சொன்னார். தடித்த கோடு, குளிர்ந்த தண்ணீர் வரும் குழாய். புள்ளிக்கோடு, அதைத் திற, மூடு என்று உத்தரவு போகும் ஒயர்.

அக்கா புள்ளிக்கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். எங்கள் மாடிக்குக் குளிர் தரும் குழாயில் தொடங்கிய கோடு, அதே மாடியில் முதலாளியின் கண்ணாடி அறைக்குள், சுவரில் மாட்டிய, சூட்டை அளந்து உத்தரவு போடும் தெர்மோஸ்டாட் பெட்டியில் போய் முடிந்தது. அந்தச் சின்ன அறை குளிர்ந்ததும் குழாய் மூடிக்கொள்ளும். எங்களுக்கு விசிறி மட்டும் சுற்றும்.

"அவருக்குக் குளுந்தா நமக்கும் குளுந்துச்சுன்னு மிஷின் நெனச்சிக்கினு கீதுடி" என்றாள்.

பெட்டியை வெளியே மாட்டச் சொல்லி முதலாளியிடமே போய்க் கேட்டாள்.

"நீ புடவை விக்க வந்தியா, இன்ஜினீயர் வேலைக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும் நீங்க ஒரே சம்பளம்தானே குடுப்பீங்க, முதலாளி."

நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். மறுநாள் அவள் உட்காரும் ஸ்டூலை எடுத்துவிட்டார்கள்.

வெக்கைதான் அவளைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். பெட்டியை மாற்ற அரை நாள் வேலை என்று ஆபரேட்டர் சொன்னதைச் சொல்கிறேன்.

நேற்று முதலாளி எங்களை வரிசையாக நிற்கவைத்து, "நம்ம குடும்பத்துல ஒருத்தி போயிட்டா" என்றார். வியர்க்கத் தொடங்கியதும் தன் அறைக்குள் போய்விட்டார்.

அவர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அந்தக் கோடு எங்கே முடிகிறது என்பதுதான்.

சாயங்காலம் அவர் அறைக்கு டீ கொண்டுபோகச் சொன்னார்கள். கொதிக்கும் டீத்தூக்கை மேசையில் வைக்காமல், அந்தப் பெட்டிக்கு நேர் கீழே அலமாரிமேல் வைத்து, ஆவி அதில் படும்படி மூடியைத் திறந்துவிட்டு வந்தேன்.