கன்னி மூலைக்குக் கிழக்கே

அன்று சைட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவியின் அண்ணன். மேஸ்திரி. பொள்ளாச்சியிலிருந்து வந்த வாஸ்துக்காரர். வேப்பமர நிழலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர். ஆட்டோவுக்குள் என் மனைவி.

அவளை இறக்கவில்லை. நிலம் முழுக்கக் கல்லும் முள்ளும். வீல்சேர் ஓடாது.

மூன்று சென்ட் இடம். கிழக்கே தார் ரோடு, தெற்கே சந்து. ரோட்டோரம் முப்பது அடி, சந்தோரம் நாற்பத்தைந்து அடி. ஃபவுண்டரியில் இருபத்தாறு வருடம் மோல்டிங் வேலை செய்து வாங்கியது. நான்கு வருடத்துக்கு முன் மொபட்டில் என் பின்னால் உட்கார்ந்து வந்தபோது அவள் விழுந்தாள். இடுப்புக்குக் கீழே வேலை செய்யாது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

வாஸ்துக்காரர் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான்கு மூலைக்கும் போய் வந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அருமையான சைட்டுங்க. கன்னி மூலை ஒசந்து, ஈசானியம் தாழ்ந்து கெடக்குது. இப்படி அமையறது கொடுப்பினைங்க."

கன்னி மூலை என்பது தென்மேற்கு மூலை, ஈசானியம் வடகிழக்கு. சந்து ரோட்டிலிருந்து மேற்கே போகப் போக மேடாகிறது. மேட்டின் உச்சி அந்த மூலை.

"வாசல் கெழக்க பாத்து வெச்சுக்கலாங்க. அஞ்சு படி வரும்," என்றார் மேஸ்திரி.

ஐந்து படி. நான் மேற்கே நடந்தேன். சந்து முடியும் இடத்தில் நின்றேன். வீட்டுத் தரை வரவேண்டிய உயரமும் சந்தின் உயரமும் அங்கே ஒன்று. படியே வேண்டாம்.

"வாசல இங்க வெச்சா?" என்றேன்.

மச்சான் சிரித்துவிட்டார். வாஸ்துக்காரர் சிரிக்கவில்லை.

"எங்க வேணாலும் வெய்யுங்க, அங்க மட்டும் வேண்டாமுங்க. கன்னி மூலையில வாசல் வெச்சா ஊட்டுக்காரருக்கு ஆகாதுங்க."

"ஆகாதுன்னா?"

"ஆகாதுன்னா ஆகாதுங்க." ஆட்டோவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தி என்ன. ஆட்டோவிலிருந்து சத்தம் வந்தது.

"ஏனுங்க, எனக்குக் கேட்டுப்போச்சு. அங்க வேண்டாமுங்க."

அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. மறுநாள் மண்ணில் மோல்டு போட்டபோது விரலால் சைட்டை வரைந்தேன். கிழக்கே ஒரு கோடு, தெற்கே ஒரு கோடு. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "என்னங்ணா, பம்புக்கு பாடி போடச் சொன்னா பங்களா போடறீங்க?" என்றார். அழித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். சற்று நேரத்தில் கை மறுபடியும் வரைந்தது. ஷிப்டு முடிந்ததும் சைட்டுக்குப் போனேன். ஒரு வாரம் தினமும் போனேன். போய் ஒன்றும் செய்யவில்லை. ரோட்டிலிருந்து சந்துக்கு, சந்திலிருந்து ரோட்டுக்கு நடந்தேன். அங்கே மேய்ந்த ஆடுகள் முதலில் ஒதுங்கின. பிறகு என்னைக் கண்டுகொள்ளவில்லை.

அப்போது நாங்கள் இருந்தது லைன் வீடு. வாசலில் மூன்று படி. நான் வந்து தூக்கினால் அவள் வெளியே வருவாள். இல்லையென்றால் உள்ளேதான். முந்தைய கோடையில் எதிர்வீட்டு அக்கா குடத்தோடு மயங்கி விழுந்தார். என் மனைவி நிலைப்படியில் வீல்சேரில் இருந்தாள். இடையில் பதினைந்து அடி இருக்கும். கத்தினாள். தெரு முனையில் இருந்தவர்கள் ஓடி வரும்வரை கத்திக்கொண்டே இருந்தாள். அக்கா பிழைத்துக்கொண்டார். இவளுக்கு மூன்று நாள் குரல் வரவில்லை.

எனக்கும் ஐம்பத்தெட்டு. முதுகில் பெல்ட் கட்டித்தான் தூக்குகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்து கேட்டேன்.

"அந்த மூலையில வெச்சா நீயே வெளிய வருவ, நீயே உள்ள போவ. ரோசன பண்ணு அம்மணி."

"பண்ணிப்போட்டேனுங்க. நீங்க இல்லாத ஊட்ல படியில்லாத வாசல் எனக்கெதுக்கு?"

"நான் இல்லாதப்பதான் அது வேணும்."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு உரித்தாள். அன்றைக்குச் சோறு ஆனது, குழம்பு ஆனது, பேச்சு ஆகவில்லை.

மேஸ்திரிதான் வழி சொன்னார். தண்ணி டியூபைக் கொண்டுவந்தார். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்து மேடு பள்ளம் பார்ப்பது. ஒரு முனையை மேற்கு மூலையில் நான் பிடித்தேன். மறுமுனையோடு அவர் சந்தில் கிழக்கே நடந்தார்.

"ஏனுங்ணா, வாசல் ஒண்ணு அந்த மூலை, இல்லாட்டி இந்த மூலைன்னு யாரு சொன்னா? சந்துல நடுவால வெய்யுங்க. கெழக்க போகப் போக சந்து எறங்குது, ஊட்டுக்குள்ள ஏறற ஏத்தம் கூடும், அவ்வளவுதான். உள்ள பத்தடிக்கு சரிவு போட்டுக் குடுக்கறேன். அதுக்கு மேல கேக்காதீங்க, அப்புறம் ரூமு இருக்காது."

வாஸ்துக்காரருக்குப் போன் போட்டோம். தெற்கு வாசலும் ஆகும் என்றார். ஆனால் சந்தோரத்தை ஒன்பது பங்கு போட்டு, மேற்கே நான்கு பங்கைத் தொடக் கூடாது என்றார். ஒரு பங்கு ஐந்து அடி. நான்கு பங்கு இருபது அடி.

"பத்தொம்பது ஆனாலுங்களா?" என்று கேட்டேன்.

"இருபதுங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவளால் எவ்வளவு ஏற்றம் ஏற முடியும் என்று பார்க்க, லைன் வீட்டு முன்னால் மேஸ்திரி பத்தடி சென்ட்ரிங் பலகை இரண்டைச் சேர்த்து ஆணியடித்துப் போட்டார். ஒரு முனைக்கு அடியில் செங்கல் அடுக்கினார். ஒரு செங்கல் மூன்று அங்குலம். முதலில் ஐந்து வைத்தார். அவளைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து வீல்சேரில் உட்காரவைத்தேன். பாதிப் பலகை ஏறினாள். அப்படியே பின்னால் வந்துவிட்டாள். நான் பின்னால் நின்று பிடித்தேன்.

"பொள்ளாச்சி சந்தையில எருமைய வேன்ல ஏத்தறாப்புல இருக்குதுங்க," என்றாள். "எருமையாவது நாலு கால்ல ஏறும்."

மேஸ்திரி ஒரு செங்கல்லை எடுத்தார். நான்கு. பற்களைக் கடித்துக்கொண்டு ஏறினாள். உச்சியில் நின்று கையை உதறினாள்.

நான்கு செங்கல் என்றால் ஓரடி உயரம். வீட்டுத் தரையைவிடச் சந்து ஓரடி தாழ்வது மேற்கு மூலையிலிருந்து பதினெட்டாவது அடியில். வாஸ்துக்காரர் சொன்ன இருபதாவது அடியில் இன்னும் ஒன்றேகால் அங்குலம் கூடுதல். எனக்குப் பதினெட்டே போதும். அதைச் சொன்னேன்.

"ரெண்டடி உள்ள வருதுங்களே," என்றாள்.

"வந்தா வரட்டும்."

"உங்களுக்கென்னங்க, செத்துப்போட்டா வெசனமே இல்ல." மேஸ்திரியிடம் திரும்பினாள். "அஸ்திவாரம் எப்பங்க?"

"அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிங்க."

"அதுக்குள்ள ஏறிப்போடறேன்."

மேஸ்திரி உடைந்த டைல்ஸ் துண்டுகள் நான்கைக் கொடுத்துவிட்டுப் போனார். செங்கல் மேல் ஒரு துண்டு வைத்தால் வாசல் அரை அடி கிழக்கே நகரும் என்று கணக்குச் சொன்னார். நான்கும் வைத்து ஏறினால் இருபது.

அதற்குப் பிறகு நான் ஷிப்டு முடிந்து வரும்போது அவள் தயாராக இருப்பாள். பகலில் இரண்டு எண்ணெய் கேன்களில் தண்ணீர் நிரப்பித் தூக்கி இறக்கியிருப்பாள். தோள் வலி. சொல்ல மாட்டாள். காபித் தம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். நான்காம் நாள் ஒரு டைல்ஸ். ஏழாம் நாள் இரண்டு. எதிர்வீட்டு அக்கா படியில் உட்கார்ந்து பார்ப்பார். "ஏனம்மணி, பழனி மலைக்கே ஏறிப்போடுவ போலிருக்குது," என்பார். இவள் மூச்சு வாங்குவாள்.

நான் பின்னால் நிற்பேன். பிடிக்கக் கூடாது, ஆனால் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். அது தூக்குவதைவிடக் கஷ்டம். அவள் ஏறக் கூடாது என்று நினைத்த நாளும் உண்டு. இன்றைக்கு முடியும், ஐந்து வருடம் கழித்து இந்தக் கை இருக்குமா? பதினெட்டில் வைத்தால் மேலும் சில காலம் தாங்கும். கேட்டால் திட்டுவாள். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சைட்டைச் சுத்தம் செய்து சந்தோரம் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பலகையும் செங்கல்லும் அங்கேயே வந்துவிட்டன. மச்சான் தேங்காய், பழத்தோடு வந்தார். மேஸ்திரி வாசல் வரும் இடத்தில் அடிக்க முளைக்குச்சியையும் சுத்தியலையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நல்ல நேரம் முடிய ஒரு மணி நேரம் இருந்தது.

நான்கு டைல்ஸ் வைக்கச் சொன்னாள். ஏறினாள். முக்கால் பலகையில் சக்கரம் நின்றது. பின்னால் வந்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி வந்தாள். மூன்றாம் தடவை பலகையின் முனைக்கு ஒரு ஜாண் இருந்தது. சக்கரம் பின்னால் உருண்டது. நான் பிடித்துவிட்டேன்.

"நான் பின்னால ஒரு தள்ளு தள்ளறனே, ஒரு ஜாண்தான?" என்றார் மச்சான்.

"தெனமும் வந்து தள்ளுவியாண்ணா? நோம்பிக்குக் கூப்புட்டாலே ரெண்டு நாள் கழிச்சு வாரவன் நீ."



ஒரு துண்டை எடுக்கச் சொன்னாள். மூன்று. கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பிறகு ஏறினாள். நிற்கவில்லை. உச்சிக்குப் போய் பிரேக்கைப் போட்டாள். தானே திரும்பினாள், தானே இறங்கினாள். மறுபடியும் ஏறினாள்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். நான்காவது துண்டு செங்கல் பக்கத்தில் கிடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேரம் போனது.

"முளைய அடிங்க மேஸ்திரி," என்றாள். "அரை அடிதானுங்க. அவரு பொழைச்சுக்குவாரு."

மேற்கு மூலையில் டேப்பின் நுனியை நான் பிடித்தேன். மேஸ்திரி கிழக்கே இழுத்துக்கொண்டு போய் முளை அடித்தார். எண்ணைச் சத்தமாகப் படித்தார்.

பத்தொன்பதரை அடி.