கமலாவுக்குச் சொன்ன முடிவு

பேத்தியின் பள்ளியிலிருந்து நேற்று மகளின் கைப்பேசிக்கு ஒரு பட்டியல் வந்தது. விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய பழைய படங்களாம். நட்பும் நல்ல குணமும் வளருமாம். "இதுல ஏதாவது நீ பார்த்திருக்கியாம்மா?" என்று மகள் கேட்டாள். பள்ளியில் படிக்கும்போது நான் பார்த்த படத்தின் பெயரே எனக்கு மறந்துவிட்டது. பட்டியலில் இருந்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ஆனால் வறுத்த வேர்க்கடலை வாசனை போகவில்லை. ஐந்தாம் வகுப்பில் எங்களைக் கைகோக்கச் சொல்லி வரிசையாக நடத்திப்போய் அந்தப் படத்தைக் காட்டினார்கள். கொட்டகை முழுக்க அந்த வாசனைதான். இரண்டு பையன்களின் கதை. ஒருவன் நோயாளி, மற்றவன் அவனைத் தினமும் முதுகில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுபோவான். கடைசியில் நோயாளிப் பையன் இறந்துபோவான். நான் அழுத அழுகையில் பக்கத்திலிருந்தவள் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாளாம். வெளியே வந்ததும், "என்ன கத்துக்கிட்டீங்க?" என்றார் டீச்சர். "ஃபிரண்டைக் கைவிடக் கூடாது!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினோம்.

எங்களோடு வராதவள் கமலா. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல்; நெஞ்சும் பலவீனமாகிவிட்டது, எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தறிக்கு அந்தப் பக்கம் பாயில் படுத்திருப்பாள். அவள் அப்பா நெய்வதை நிறுத்தினால்தான் நாங்கள் பேசுவது காதில் விழும். கொட்டகையில் வாங்கிய கடலையில் பாதியை அவளுக்கென்று எடுத்துப்போனேன். வழியில் அதிலும் பாதி குறைந்துவிட்டது. என் நட்பு அந்த லட்சணத்தில் இருந்தது.

"முழுசா சொல்லுடி, ஒண்ணுகூட வுடாத" என்றாள்.

சொன்னேன். அந்தப் பையன் படுக்கையில் விழும் இடம் வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். என் வாய் தானாகவே, "அப்புறம் அவனுக்கு ஒடம்பு சரியாப்பூடுச்சு. ரெண்டு பேரும் பந்தயம் வச்சு ஓடுனாங்க" என்றது.

"யாருடி ஜெயிச்சது?"

"அவன்தான்."

கமலா சிரித்தாள். ஒரு வாரம் அந்த ஓட்டத்தை மட்டும் தினமும் சொல்லச் சொன்னாள். நானும் நாளுக்கு நாள் தூரத்தை நீட்டி, ஏரிக்கரைவரை அவர்களை ஓடவிட்டேன்.

பிறகு எங்கள் வகுப்பிலிருந்து இன்னொருத்தி அவளைப் பார்க்க வந்து, நிஜ முடிவைச் சொல்லிவிட்டாள். அன்று மாலை நான் போனபோது கமலா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவன் செத்துட்டானாமே. இன்னாத்துக்குடி மாத்திச் சொன்ன? எனக்கும் அப்டி ஆவும்னு நெனச்சிக்கினியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு ரோஷம்தான் வந்தது. "போடி, உன்கூடப் பேசமாட்டேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். நான்கு நாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் அவள் அம்மா எங்கள் வாசலுக்கு வந்தார்.

"உன்னையே கேட்டுக்கினு கீறாம்மா. ஒரு நடை வந்துட்டுப் போ."

"நாளைக்கு வரேன்" என்றேன்.

விடிவதற்குள் கமலா போய்விட்டாள்.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். கமலாவின் அப்பாவும் அம்மாவும் வீட்டை விற்றுவிட்டு எங்கோ போனார்கள். அந்த வருஷம் வகுப்பில் போட்டோ எடுத்தபோது அவள் படுக்கையில் இருந்ததால் அதிலும் இல்லை. சில வருஷம் முன்புவரை கண்ணை மூடினால் முகம் வரும். இப்போது வருவதில்லை. மூக்குத்தி போட்டிருந்தாளா என்பதுகூட நிச்சயமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அவளைப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.