இரண்டாவது வரிசைத் தூண்

அலுவலகத்தில் அவளுக்கு மில்லி என்று பெயர். மில்லிமீட்டரின் சுருக்கம். யாராவது ஒரு சுவரைக் காட்டி "சுமார் பதினாலடி இருக்கும்" என்றால், "சுமார்னா எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்பாள். பத்தொன்பது வருடமாகக் கட்டட வரைபடம் போடுகிறவள். பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "அந்தப் பூட்டுக்கே உன்னைக் கண்டா பயம்டி" என்பான் கணவன்.

பயத்தை விடச் சொல்லி அவளுக்குப் புத்தி சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் அவள் போட்ட படத்தில் கதவு திறந்து அலமாரியில் இடித்ததில்லை. படிக்கட்டில் ஒருவர் தலையும் மோதியதில்லை. அந்தப் பயத்தின் உழைப்பில் சுகமாக வாழ்ந்தவர்கள்தான் அதைக் கேலியும் செய்தார்கள்.

ஒரு பணக்காரர் வீட்டின் அடித்தள அறையைத் திரையரங்காக மாற்றும் வேலை வந்தது. இரண்டு வரிசை, பத்து நாற்காலி. மில்லி கணினியில் அந்த அறையை அப்படியே எழுப்பினாள். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்காருகிற ஆளின் கண் உயரத்தைக் குறித்து, அங்கிருந்து திரை எப்படித் தெரிகிறது என்று பார்த்தாள். இரண்டாவது வரிசையின் மூன்றாவது நாற்காலிக்கு நேர்முன்னே ஒரு தூண் நின்றது. பழைய சாமான் அறையின், இடிக்கப்போகிற செங்கல் சுவருக்குள் அடங்கியிருந்த தூண் அது. நாற்காலியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினாள். இப்போது நாற்காலியே தூணுக்குள் போய்விட்டது.

"வீட்டுக்காரர் பாக்க வர்றாரு. தூணைக் கொஞ்ச நேரம் மறைச்சிடும்மா" என்றார் முதலாளி. "முதல்ல ஆசையைக் காட்டுவோம், அப்புறம் தூணைக் காட்டுவோம்."

மென்பொருளில் தூண்கள் ஒரு அடுக்கு, சுவர்கள் ஒரு அடுக்கு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் படம். அதைத் தட்டினால் அந்த அடுக்கு அழியாது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மில்லி தட்டினாள். வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். அவர் இறங்கிப் போகுமுன்பே முதலாளி உடைப்பு வரைபடத்தைக் கேட்டார். அவள் எல்லா அளவுகளையும் மூன்று தடவை சரிபார்த்து அச்செடுத்துக் கொடுத்தாள். மறைந்திருந்த ஒன்றை மட்டும் சரிபார்க்கவில்லை.

அந்த அலுவலகத்தில் உடைப்பவர்களுக்கு ஒரே விதி: படத்தில் இருந்தால் விடு, இல்லையென்றால் உடை. உடைப்பு வேலைக்குத் தலைவரை எல்லோரும் சம்மட்டி என்பார்கள். அவர் ஒருமுறை சந்தேகப்பட்டு ஒரு சுவரை உடைக்காமல் நிறுத்தினார். இரண்டு நாள் வீணாயிற்று. "உன் வேலை உடைக்கிறது. யோசிக்க நாங்க இருக்கோம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் முதலாளி. கையால் உழைக்கிறவனுக்குத் தலை கிடையாது என்று தீர்மானிக்கிற இந்தத் திமிர், எத்தனை கட்டடங்களுக்கு அடியில் எத்தனை பேரைப் புதைத்திருக்கிறதோ, அந்தக் கணக்கை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. குளிர்காற்றுக் குழாய் எந்த வழியாகப் போகவேண்டும் என்று பார்க்க மில்லி எல்லா அடுக்குகளையும் திறந்தாள். மூன்றாவது நாற்காலியின் நடுவயிற்றைத் துளைத்துக்கொண்டு தூண் முளைத்தது. முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு, காலை ஒன்பது மணிக்கே உடைப்பு ஆரம்பித்திருக்கும் என்பது நினைவுக்கு வந்தது.

சம்மட்டியின் போன் கிடைக்கவில்லை. அடித்தளத்தில் சிக்னல் ஏது? முதலாளியின் போன் ஓயாமல் பேச்சில் இருந்தது. கிடைத்த வாடகை வண்டியில் ஏறினாள். போகும் வழியெல்லாம் அவள் மூளை அவளைக் கேட்காமலே கணக்குப் போட்டது. முந்நூறுக்கு முந்நூறு மில்லிமீட்டர் தூண். அதன்மேல் இரண்டு மாடி. இத்தனை டன். கணக்குத் தெரியாதவர்களுக்குப் பயம் மங்கலாக வரும். இவளுக்கு எண்ணோடு வந்தது.

வீடு நின்றுகொண்டிருந்தது. ஆனால் சத்தமே இல்லை. உடைக்கும் இயந்திரம் தெருவே அதிரக் கத்தியிருக்க வேண்டிய நேரம். வாசலில் இரண்டு வேலையாட்கள் புழுதி படிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணன் எங்க?"

"கீழதான். எங்களை வெளிய போகச் சொல்லிட்டாரு."

அவள் படிகளில் இறங்கினாள். பாதிப்படியில் இருக்கும்போதே கம்பி அறுக்கும் சத்தம் கிளம்பியது.

"அண்ணே! நிறுத்துங்க! தொடாதீங்க!"

சத்தம் அடங்கியது. சம்மட்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். செங்கல் சுவர் இல்லை. தூண் மட்டும் முழங்காலிலிருந்து மார்பு வரை தோல் உரிந்து நின்றது. உள்ளே கம்பிகள் விலா எலும்பு போலத் தெரிந்தன. மூலைக்கம்பி ஒன்று அறுபட்டிருந்தது.

"வா மில்லி. படத்துல இல்லாத ஆள் ஒருத்தர் நிக்கிறாரு பாரு."

"அது வீட்டைத் தாங்குற தூண்ணே."

"எனக்குத் தெரியாதா? கம்பியைப் பாத்ததுமே புரிஞ்சிடுச்சு. தெருவுக்கு ஏறிப் போய் உங்க முதலாளிக்குப் போன் போட்டேன். படத்துல இருக்கான்னாரு. இல்லைன்னேன். அப்புறம் உனக்கென்ன யோசனைன்னு வெச்சிட்டாரு."

"அதுக்காக அறுத்துடுவீங்களா?"

"போன தடவை யோசிச்சதுக்கே மூணு மாசம் வேலை தரல, தங்கச்சி. அதான் பசங்களை அனுப்பிட்டேன். விழுந்தா என்னோட போகட்டும்."

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மேலே யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

மில்லி மேலே ஓடினாள். வீட்டுக்கார அம்மா ஈரக்கையோடு, "என்னங்க, கேஸ் லீக்கா?" என்றார். "அதைவிட மோசம், முதல்ல வெளிய வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவள் திரும்பி இறங்கியபோது, கீழே சம்மட்டியும் வாசலில் இருந்த இரண்டு ஆட்களும் இரும்பு முட்டுகளைத் தூணைச் சுற்றி நிறுத்தி முறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் "டக்" என்று ஒரு சத்தம். நால்வரும் மூச்சை நிறுத்தினார்கள். ஒரு பூச்சுத் துண்டு உதிர்ந்து விழுந்திருந்தது.

அரை மணி நேரத்தில் முதலாளி வந்தார். தூணைப் பார்த்தார், வியர்வையைத் துடைத்தார், மில்லியைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

"ஆபீஸ் போய் தூணைத் திரும்பக் கொண்டு வா. போன வாரத் தேதி போட்டு ஒரு பிரிண்ட் எடு. அவன்கிட்ட இருக்கிற தாளை நான் வாங்கிக்கிறேன்."

"அப்போ அவரு?"

"படத்தைப் பாக்காம உடைச்சிட்டான். அவ்வளவுதான். உனக்கும் குடும்பம் இருக்கும்மா. படத்துல யார் பேரு இருக்கு? என் பேரா?"

இல்லைதான். வரைந்தவர் என்ற கட்டத்தில் மில்லியின் பெயர் இருந்தது. சரிபார்த்தவர் என்ற கட்டம் எல்லாப் படங்களிலும் காலியாகவே இருக்கும். அதற்குக் காரணம் அவளுக்கு இன்றுதான் புரிந்தது.

ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவள் தப்பித்துவிடலாம், சம்மட்டி மாட்டிக்கொள்வார். வேலை போவது, போலீஸ், வீட்டில் என்ன சொல்வது என்று எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவள் துணிச்சல்காரி அல்ல. ஆனால் தப்பான அளவை அவளால் தாளில் விட்டுவைக்க முடியாது.

"அண்ணே, அந்தத் தாளைக் கொடுங்க."

முதலாளி முகம் தெளிந்தது. மில்லி தாளை சிமெண்ட் மூட்டையின் மேல் விரித்தாள். அந்த நிலையிலும் டேப் பிடித்துத் தூணை அளந்து, இரண்டாவது வரிசை வரவேண்டிய இடத்தில் ஒரு கட்டம் போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: "இந்தத் தூணைக் கணினியில் மறைத்தவள் நான். மறைக்கச் சொன்னவர் முதலாளி. திரும்பக் காட்ட மறந்தவள் நான். உடைத்தவர் கேட்டுவிட்டுத்தான் உடைத்தார்." தேதி, நேரம், கையெழுத்து. போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு தாளை சம்மட்டியிடமே கொடுத்தாள்.

"கையெழுத்து ஆடுதே, தங்கச்சி."

"பயத்துல ஆடுது. ஆனா என்னோடதுதான்."

"நாளைக்கு ஆபீஸ் பக்கம் வராத" என்றார் முதலாளி.

"அது நாளைக்கு. இப்போ இன்ஜினியரைக் கூப்பிடுங்க சார். அவர் வந்து சொல்ற வரைக்கும் யாரையும் மேல விடாதீங்க."

தூணைப் பலப்படுத்தி முடிக்க ஒரு மாதம் ஆனது. அந்தத் திரையரங்கில் இப்போது ஒன்பது நாற்காலிகள். மில்லி வேறு இடத்தில் வரைகிறாள். அங்கேயும் உடைப்பு வேலைக்குச் சம்மட்டிதான். உடைப்பு வரைபடம் அனுப்பும் முன் எல்லா அடுக்குகளையும் திறக்கிறாள். பிறகு உடைக்கிறவருக்குப் போன் செய்து, அந்த அறைக்குள் போய் நிற்கச் சொல்கிறாள்.

"அங்க என்னண்ணே இருக்கு, படத்துல இல்லாதது? யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல தாயே" என்கிறார் சம்மட்டி. "நானும் என் நிழலும்தான்."

"இன்னொரு தடவை பாருங்க."